ஒழுக்கக் கல்வியும் ஆசிரியரும் – காந்தியடிகளின் பண்ணைப் பாடசாலையை முன்வைத்து ஒரு நோக்கு

கல்வியின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு அறிவு, தொழில், பதவி, பொருள் எனப் பலரும் பலவாறு விடை கூறுவர். ஆயினும் இதனை ஆழமாகச் சிந்தித்தவர்களுள் பெரும்பாலானோர் ஒழுக்கத்துக்கே முதலிடம் கொடுத்துள்ளனர். நற்பண்பு என்பது கற்பித்து வருவதா, பழகி வருவதா, பிறப்பிலேயே அமைவதா என்ற வினாவோடுதான் கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் மெனோ என்னும் உரையாடல் தொடங்குகின்றது. ஜேர்மனியக் கல்வியியலாளரான ஹேர்பாட் (1776–1841) கல்வியின் முழு நோக்கத்தையும் ஒழுக்கம் என்ற ஒரே சொல்லில் அடக்கலாம் எனக் கருதினார். ஆசிரிய கலாசாலையில் பயின்ற எம்மில் பலர் இவற்றைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவர்களே.

எமது பிள்ளைகளும் அவ்வாறே புள்ளி பெறுகின்றனர். சைவநெறிப் பாடத்தில் ஏ சித்தி பெறாத பிள்ளை ஊரில் அரிது. நாயன்மார் வரலாறுகளைக் கேட்டால் ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளை தேர்த்திருவிழா அன்று அன்னதான வரிசையில் முதியவர் ஒருவரை இடித்துக்கொண்டு முன்னே போவதையும் காண்கின்றோம். பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. பின்னால் நின்று “போ, போ” என்று தள்ளியவர் தகப்பனார்.

ஒழுக்கத்தைப் பாடமாகக் கற்பிக்கலாமா, கற்பித்தால் அது ஒட்டுமா என்பதே இங்கு எழும் கேள்வி. இதற்குக் கோட்பாட்டு நூல்களில் விடை தேடுவதை விட, பிள்ளைகளோடு கூடி வாழ்ந்து, அவர்களுடைய சண்டைகளைத் தீர்த்து, தானும் தவறிழைத்து, அதனை ஒளிக்காமல் எழுதி வைத்த ஓர் ஆசிரியரின் அனுபவத்தைப் பார்ப்பது பயனுடையது. அந்த ஆசிரியர் காந்தியடிகள். அன்னாரை நாட்டு விடுதலைத் தலைவராக அறிந்த அளவுக்கு வகுப்பறையில் நின்ற வாத்தியாராக நாம் அறிந்திருக்கவில்லை. அவரிடம் பயின்ற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர் என்பது எமக்கு மேலும் ஆர்வமூட்டும் செய்தியாகும்.

பண்ணை உருவான வகை

தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வால் பகுதியில் இந்தியர்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டத்துக்கு எதிராக 1906 இல் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிறை சென்றவர்களில் தமிழர் தொகை பெரிது. உழைப்பவர் சிறைக்குள் இருக்க, மனைவி மக்களைப் பராமரிப்பது யார்? மாதந்தோறும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லோரையும் ஓரிடத்தில் குடியமர்த்திச் சிக்கனமாக வாழச் செய்வதே வழி எனக் காந்தியடிகள் எண்ணினார். அவ்வேளை அவரது நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹேர்மன் கலன்பாக், ஜோகன்னஸ்பேர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி 1910 இல் வாடகை எதுவுமின்றிக் கொடுத்துதவினார். ரஷ்ய எழுத்தாளரின் பெயரால் அது ரோல்ஸ்ரோய் பண்ணை எனப்பட்டது. தோடை முதலான பழமரங்கள் ஏறத்தாழ ஆயிரம் அங்கு நின்றன.

பெற்றோருடன் பிள்ளைகளும் வந்தனர். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், பார்சி எனப் பல சமயத்தவர், வெவ்வேறு வயதினர், வெவ்வேறு தாய்மொழியினர். அந்தத் தூரத்துக்குச் சொற்பச் சம்பளத்தில் ஆசிரியர் எவரும் வரமாட்டார். எனவே காந்தியடிகளும் கலன்பாக்கும் வேறு ஓரிருவரும் ஆசிரியர்கள் ஆயினர். பண்ணை ஒரு குடும்பம், அதன் தகப்பன் இடத்தில் தான் இருப்பதால் பிள்ளைகளை உருவாக்கும் பொறுப்பும் தன்னுடையதே என்பது காந்தியடிகளின் எண்ணம். நல்லொழுக்கமே அத்திவாரம் என்றும் அது உறுதியாக இடப்பட்டுவிட்டால் ஏனைய அறிவைப் பிள்ளைகள் தாமாகவோ பிறர் துணைகொண்டோ தேடிக்கொள்வர் என்றும் அவர் நம்பினார்.

இவ்வளவையும் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் பிரதம விருந்தினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் அதை நடைமுறைப்படுத்தச் செய்தவையே கவனிக்க வேண்டியவை.

ஆசிரியர் செய்யாததைப் பிள்ளை செய்யவேண்டாம்

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் தொடக்கம் மலக்கூடம் துப்புரவு செய்தல் வரை அங்கு வாழ்ந்தவர்களே செய்தனர். பிள்ளைகள் குழி வெட்டினர், மரம் தறித்தனர், சுமை தூக்கினர், தோட்டம் கொத்தினர். எல்லாப் பிள்ளைகளையும் போல அவர்களும் சில நாட்களில் சுகமில்லை என்று சாட்டுச் சொல்லி நழுவப் பார்த்தனர் என்பதையும் காந்தியடிகள் மறைக்கவில்லை.

அங்கே ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத வேலை எதனையும் பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது. பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் ஆசிரியர் ஒருவரும் கூட நின்று கைகொடுக்க வேண்டும். சிரமதான நாளில் நிழலில் கதிரை போட்டிருந்து மேற்பார்வை செய்து பழகிய எங்களுக்கு இது சற்றுச் சங்கடமான விதிதான்.

பயிற்றப்பட்ட கைத்தொழில்களில் ஒன்று செருப்புத் தைத்தல். மரியான்ஹில் என்ற இடத்தில் இருந்த ஜேர்மனியத் துறவிகளின் மடத்துக்குச் சென்று கலன்பாக் அதனைக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்றார். பின்னர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். (தன்னைச் சிறையிட்ட ஸ்மற்ஸ் துரைக்கு 1914 இல் அவர் கொடுத்த செருப்புச் சோடி தன் கையால் தைத்ததே. ஸ்மற்ஸ் அதனைப் பல ஆண்டுகள் பாவித்துவிட்டு 1939 இல் திருப்பி அனுப்பினார்.) தோல் வேலையும் மலக்கூடத் துப்புரவும் எமது சமூகத்தில் எவரெவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தன என்பதை மலரின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வணிக குலத்தில் பிறந்து இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் பிள்ளைகளுக்கு நடுவே இருந்து தோல் தைத்தார். எல்லோரும் சமம் என்று அவர் அங்கு தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்திருக்காது.

சமய ஒழுக்கமும் இவ்வாறே பயிலப்பட்டது. றமழான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளை நோன்பு நோற்குமாறு ஊக்கப்படுத்திய காந்தியடிகள், மற்றப் பிள்ளைகளையும் அவர்களுக்குத் துணையாக விரதம் இருக்கக் கேட்டார். மற்றவர்கள் தண்ணீர் அருந்தலாம்; பொழுது படுமுன் உணவையும் முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடித்தவர்கள், பொழுது பட்டபின் உண்ணும் முஸ்லிம் தோழர்களுக்கு நல்ல பண்டங்கள் செய்து பரிமாறினர். தத்தம் சமயத்தை விடாமலே அடுத்தவருடைய பசியை அறிந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை விடச் சிறந்த சமய பாடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ் தெரியாத தமிழ் வாத்தியார்

எழுத்தறிவுக்கு ஒதுக்கப்பட்டவை நாளொன்றுக்கு மூன்று பாடவேளைகள் மட்டுமே. அதுவும் உடல் வேலையால் களைத்த நேரத்தில். ஆசிரியரும் மாணவரும் தூங்கிவிழுவதும் உண்டு. தமிழ், குஜராத்தி, இந்தி, உருது ஆகிய மொழிகளுடன் ஆங்கிலமும் சற்று வரலாறு, புவியியல், கணிதமும் படிப்பிக்கப்பட்டன.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவர் காந்தியடிகளே. அவர் அறிந்த தமிழ் கப்பற் பயணங்களிலும் சிறையிலும் கற்றுக்கொண்டது. ஜீ.யூ. போப் எழுதிய தமிழ்க் கைநூலுக்கு அப்பால் அவர் போகவில்லை. (1900 இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட அதே போப் ஐயர்தான்.) பிள்ளைகள் தென்னாபிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. ஆகவே எழுத்தையும் இலக்கணத்தின் ஆரம்பத்தையும் அவர் சொல்லிக்கொடுத்தார். பேச்சுத் தமிழில் பிள்ளைகள் அவரை வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர் எவரேனும் பண்ணைக்கு வந்தால், மாணவர்களே ஆசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர்கள்!

இந்நிலையில் அவர் எவ்வாறு சமாளித்தார்? தன் அறியாமையைப் பிள்ளைகளிடம் மறைக்க முயலாததால் எல்லாம் நன்றாகவே நடந்தது என்பது அவர் கூறும் விளக்கம். தான் எப்படிப்பட்டவரோ அப்படியே அவர்கள் முன் நின்றார். அதனால் அவர்களுடைய அன்பும் மரியாதையும் குறையவில்லை.

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு, அவருடைய கல்வி பற்றிய எழுத்துக்களிலே மிகவும் உறைத்த இடம் இதுதான். தெரியாத கேள்வியை மாணவன் கேட்டால் “அது பாடத்திட்டத்தில் இல்லை, இரு” என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். எனக்குத் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை வகுப்பில் நின்றவர் அறிவர். உண்மை பேசவேண்டும் என்று கரும்பலகையில் எழுதிய அதே பாடவேளையில் நாம் செய்யும் முதற் பொய் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பாடநூல் பற்றிய அவரது கருத்தும் இதிலிருந்தே பிறந்தது. மாணவனுக்கு உண்மையான பாடநூல் ஆசிரியரே என அவர் கண்டார். தன்னுடைய ஆசிரியர்கள் புத்தகத்திலிருந்து கற்பித்தவற்றில் சொற்பமே நினைவில் நின்றன, புத்தகத்துக்கு வெளியே கற்பித்தவை தெளிவாக நின்றன என்பது அவரது சொந்த அனுபவம். தொடக்கத்தில் அவரும் பிள்ளைகளைப் பக்திப் பாடல்களை மனனம் செய்வித்தார், ஒழுக்க நூல்களை வாசித்துக் காட்டினார். அதில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. பொய்யனான ஆசிரியன் உண்மையையும், கோழையான ஆசிரியன் வீரத்தையும் கற்பிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகத் தான் திருந்தி வாழ வேண்டியதாயிற்று; அவ்வகையில் பிள்ளைகளே தனக்கு ஆசிரியர்கள் ஆனார்கள் என்கிறார்.

அடிமட்டம்

பிள்ளைகளுள் ஒருவன் பெருங் குழப்படிகாரன். பொய் சொல்வான், எவரோடும் சண்டைக்குப் போவான். ஒருநாள் அவன் அளவுமீறி நடந்துகொண்டான். பிள்ளைகளைத் தண்டிக்கும் வழக்கம் இல்லாத காந்தியடிகளுக்கு அன்று கோபம் பொங்கியது. புத்தி சொன்னார். அவன் கேட்கவில்லை, அவரையே ஏய்க்கப் பார்த்தான். அருகில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து அவன் கையில் ஓர் அடி போட்டார். அடிக்கும்போது அவரது உடல் நடுங்கியது. பையன் அதைக் கண்டுவிட்டான். அழுதான், மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு வயது பதினேழு, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. விரும்பியிருந்தால் திருப்பி அடித்திருக்கலாம். அடியின் நோவுக்காக அவன் அழவில்லை, தன்னை அடிக்க நேர்ந்ததில் ஆசிரியர் பட்ட வேதனையைக் கண்டே அழுதான் என்று காந்தியடிகள் கருதுகிறார். அதன்பின் அவன் ஒருபோதும் கீழ்ப்படியாமல் நடக்கவில்லை.

அடி பலித்தது என்று எடுத்துக்கொண்டு எம்மில் எவரும் கதையை இவ்விடத்தில் முடித்திருப்போம். அவர் முடிக்கவில்லை. தன் சுயசரிதையை 1925 முதல் தொடராக எழுதிய காலத்திலும், பதினைந்து ஆண்டளவில் கழிந்த பின்னும், அந்த அடிக்காக வருந்துவதாகவே எழுதினார். அன்று அவன் கண்டது தன்னுள் இருந்த ஆன்மாவை அல்ல, மிருகத்தையே என அஞ்சினார். அடித்தது வெறும் வேதனையின் வெளிப்பாடாக இருந்திருந்தால் சரி என்றிருப்பார்; ஆனால் அதில் கோபமும் தண்டிக்கும் ஆசையும் கலந்திருந்தன. சரியா பிழையா என்று இறுதியாகத் தீர்மானிக்கத் தன்னால் முடியவில்லை என்கிறார்.

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லவேண்டும். 1990களின் முற்பகுதி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. நான் அப்போது கிராமப் பாடசாலை ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். பையன் ஒருவன் ஒரே கிழமையில் மூன்றாவது தடவையாகப் பிந்தி வந்தான். காரணம் கேட்டேன். பேசாமல் நின்றான். பிரம்பால் மூன்று அடி கொடுத்தேன். என் உடல் நடுங்கவில்லை. அன்று பின்னேரம் அவனது தாயார் வழியில் கண்டு, “சேர், பிள்ளை விடிய நாலு மணிக்குச் சங்கக்கடை வரிசையிலை போய் நிக்கிறவன், அதுதான் பிந்துது. கோபிக்காதையுங்கோ” என்றார். அவன் அடி வாங்கியதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் வகுப்பில் அவனைக் கண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எம்மிடம் இருக்கவில்லை. அவனும் எதுவும் நடக்காதது போல எழுந்து நின்று “வணக்கம் சேர்” என்றான்.

உடல் ரீதியான தண்டனையைப் பாடசாலைகளில் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 இல் சுற்றுநிருபம் வெளியிட்டது. அப்போது ஆசிரியர் ஓய்வறையில் எழுந்த முறைப்பாடு, பிரம்பில்லாமல் ஒழுக்கத்தை எப்படி வளர்ப்பது என்பதே. நானும் முறைப்பட்டவன்தான். பிரம்பு வளர்த்தது ஒழுக்கத்தையா, அகப்படாமல் இருக்கும் சாமர்த்தியத்தையா என்று அன்று நாங்கள் எவரும் கேட்கவில்லை.

ஏற்க முடியாதவை

பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்கவேண்டியதில்லை. பண்ணையில் பையன்கள் சிலர் இரு பெண்பிள்ளைகளைக் கேலி செய்தபோது, பையன்களுக்குப் புத்தி சொன்னதோடு, பிறர் கண்ணில் படாதிருக்கவென்று அப்பெண்பிள்ளைகளின் கூந்தலைக் காந்தியடிகள் கத்தரித்துவிட்டார். அவர்களைச் சம்மதிக்க வைத்தே செய்தாராம். ஆயினும் குற்றம் ஒருபுறம், இழப்பு மறுபுறம். எந்தத் தாயாலும் இதை ஏற்க முடியாது. 1913 இல் பீனிக்ஸ் குடியிருப்பில் இருவர் ஒழுக்கம் தவறியபோது, பொறுப்பாளன் தானே எனக் கருதி ஏழு நாள் உண்ணாநோன்பும் நாலரை மாதம் ஒருவேளை உணவும் மேற்கொண்டார். பழியைத் தன்மேல் ஏற்கும் அந்த மனம் பெரிது. எனினும் பட்டினி கிடக்கும் ஆசிரியரைக் கண்டு பிள்ளை திருந்துவது அன்பினாலா, பயத்தினாலா என்ற ஐயம் எனக்கு உண்டு.

அவருடைய சொந்தப் பிள்ளைகளும் அங்கு பயின்றனர். முரட்டுப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகளையும் கலந்து விடுகிறீர்களே என்று கலன்பாக் ஒருமுறை கண்டித்தார். நாங்கள் மேலானவர்கள் என்ற எண்ணம் தன் பிள்ளைகளுக்கு வருவது அதனிலும் கெடுதி என்றார் காந்தியடிகள். இது போற்றத்தக்கது. ஆனால் முறையான படிப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை பிள்ளைகளிடம் இருந்தது. மூத்த மகன் ஹரிலால் 1911 இல் தகப்பனாரைப் பிரிந்து இந்தியா சென்றார். ஒழுக்கம் அத்திவாரம் என்பது சரி. அத்திவாரத்தை மட்டும் இட்டுவிட்டுக் கூரை தானாக வரும் என்று காத்திருக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையின் முன்னால் நின்று ஒழுக்கமே பெரிது என்று கூறிப் பாருங்கள்.

எமது அறநெறிப் பாடசாலை

1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து, இங்குள்ள கல்லூரிகளிலும் உரையாற்றினார். அன்னாரைக் காண ஊர் ஊராகச் சனம் திரண்டது. கதருக்குப் பணம் கொடுத்தோம். பண்ணைப் பாடசாலையின் அந்த ஒரு விதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம் போலும்.

ஓய்வுபெற்ற பின் ஆலய அறநெறிப் பாடசாலையில் ஞாயிறு காலையில் ஒரு வகுப்பு எடுத்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக வகுப்புத் தொடங்குமுன் வெளிவீதி கூட்டும் வேலையில் பிள்ளைகளுடன் நாங்களும் விளக்குமாறு பிடிக்கின்றோம். முதல் மாதம் சில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது; முக்கியமாக, நான் கூட்டிய இடத்தில் விடுபட்ட சருகைக் காட்டிச் சிரிப்பது.

சென்ற தவணை அரிச்சந்திரன் கதை நடந்துகொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சேர், நீங்கள் பிழை ஒண்டும் செய்யேல்லையோ?” என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் அவளை இருத்தப் பார்த்தனர். நான் புத்தகத்தை மூடிவிட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற பையனின் கதையைச் சொன்னேன். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. முடிந்ததும் அவளே மறுபடி கேட்டாள்: “அந்த அண்ணாட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?”

இல்லை என்றேன். அவன் இப்போது கனடாவில் குடும்பத்தோடு இருக்கிறான். அவனது தமக்கை கொடியேற்றத்துக்கு வந்திருந்தபோது தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன் பேசிவிடவேண்டும். அவள் கட்டாயம் கேட்பாள்.